நாலு மா கேஸ்

போன மாதம் ஒரு கல்யாணத் தரகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர். அந்தப் பெண் படித்தவள், திருவாரூரில் வேலை பார்க்கிறாள், குடிகாரப் புருஷனை விட்டுப் பிரிந்து வந்து அம்மா வீட்டில் இருக்கிறாள். காபியைக் கையில் வாங்கிக்கொண்டே தரகர், "டைவர்ஸ் கேஸ்னாங்க, அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நான் டம்ளரை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக் கீழே வைத்துவிட்டு வாசலைக் காட்டினேன். மனிதர் வெலவெலத்துப் போய்ச் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கினார். எதற்காக அந்தக் கோபம் என்று அவருக்கு இன்றுவரை புரிந்திருக்காது.

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரியும். கேஸ். ஒன்றரை எழுத்துச் சொல். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன சாமான்களில் நம் ஊர்க்காரர்கள் இதைப்போல எதையும் தேய்த்துப் புழங்கியிருக்க மாட்டார்கள். நான் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே மனிதர்கள் வருவதில்லை, கேஸ்தான் வரும். டெலிவரி கேஸ், பூச்சிமருந்து கேஸ், அடிதடி கேஸ். முத்துப்பேட்டைப் பக்கம் மீன் முள் குத்திக் கை வீங்கி வந்த மனிதர் வெறும் 'கை கேஸ்'. "சிஸ்டர், அந்த ஜன்னலோரக் கேஸ் தண்ணி கேக்குது" என்பான் வார்டு பையன். கேட்கிறாரு இல்லை, கேக்குது. பெண்டாட்டி பிள்ளைகளோடு நேற்றுவரை வரப்பில் நடந்த ஆள், கட்டிலில் படுத்த மறுநிமிஷம் ஆடுமாடாகிவிடுகிறார்.

வெளியே வந்தாலும் விடாது. மாசக் கடைசியில் போலீஸ்காரர்கள் கேஸ் பிடிக்கக் கிளம்புவார்கள், சைக்கிளில் விளக்கில்லாமல் வந்தவன் அன்றைக்குக் கேஸ். கொஞ்சம் தனியாகச் சிரித்துப் பேசிக்கொண்டு போனால் 'அது ஒரு மாதிரி கேஸ்'. பிடித்தவனோடு போனால் லவ் கேஸ். டாக்டர் கைவிரித்தால் 'தேறாத கேஸ்'. கோர்ட்டுப் பக்கம் போனால் கட்டுக் கட்டாகக் கேஸ், அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற குமாஸ்தாக்கள். அடுப்பில் எரிகிற கேஸ் ஒன்றின்மேல்தான் எனக்குப் பகை இல்லை. அது சோறாவது வேக வைக்கிறது.

இந்தக் கோபம் ஆஸ்பத்திரியில் வந்ததல்ல. என் அம்மாவால் வந்தது.

நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். அங்கே நாங்கள் நாலு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்துவந்தோம். ஏக்கர் கணக்கில் சொன்னால் ஒன்றேகாலுக்குக் கொஞ்சம் மேலே. நிலம் மிராசுதாருடையது, பாடு எங்களுடையது. குத்தகை வாய்ப்பேச்சுதான், என் தாத்தா காலத்தில் களத்துமேட்டில் நின்று பேசியது, அதற்குக் காகிதம் கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரிடமும் காகிதம் கிடையாது.

அப்பா நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு நாலு மாவையும் அம்மா ஒருத்தியாகச் செய்தாள். விதை விட்டது அவள், மடை திறந்தது அவள், நட்டது, களை பறித்தது, அறுத்தது, களத்தில் தூற்றியது எல்லாம் அவள். உழவுக்கு மட்டும் ஆள் வைத்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பெண் ஏர் பிடிக்க மாட்டாள், பிடிக்கவும் விடமாட்டார்கள், பிடித்தால் மழை பெய்யாது என்பார்கள். மழை என்னவோ மேட்டூரில் பெய்தால்தான் எங்களுக்குத் தண்ணீர் என்பது வேறு விஷயம். இந்த வழக்கம் எங்கள் கழுத்தில் வந்து விழும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை.

அந்த வருஷங்களில் ஊர்ச் சுவரெல்லாம் 'உழுதவனுக்கே நிலம்' என்று எழுதியிருக்கும். ஆட்சி மாறியிருந்தது. குத்தகைதாரரைப் பதிவு செய்யப் போகிறார்கள், பதிந்துவிட்டால் யாரும் வெளியேற்ற முடியாது என்று பேச்சு. எங்கள் மிராசுதார் அதுவரை கதர் கட்டியவர். புதிய ஆட்சி வந்து கொஞ்ச நாளில் தோளில் கரை போட்ட துண்டு ஏறியது. ஊர்ப் பொதுக்கூட்டத்துக்கு அவர்தான் தலைமை தாங்கினார். மேடையில் யாரோ 'உழுதவனுக்கே நிலம்' என்று முழங்கினார்கள், அவரும் கை தட்டினார். நான் பார்த்தேன். சிரிக்கவும் தோன்றவில்லை, அப்படிப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டம் முடிந்த வாரம் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அம்மா வாசலில் நின்றாள். அவளைப் பெற்றவர்கள் அவர் குடும்பத்தை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர்கள், அம்மா அதை விட்டு 'ஐயா'வுக்கு வந்திருந்தாள்.

"உன் புருஷன் இருந்தான், செஞ்சான், அவனோட போச்சு. இந்தப் பட்டத்தோட நிறுத்திக்க. நானே பண்ணை வைக்கப்போறேன். நீ வேணா நடவுக்கு வா, கூலி வாங்கிக்க" என்றார்.

"நான்தானேங்க இத்தன வருஷமா சாகுபடி பண்றேன்" என்றாள் அம்மா.

"நீ எங்க பண்ணுனே? நீ நடவாளு."

இதுதான் சண்டை. அம்மா சாகுபடிக்காரியா, கூலிக்காரியா. முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன், நிலம் எங்களுக்கு வரவில்லை. வந்திருந்தால் இதை வேறு குரலில் எழுதியிருப்பேன்.

அது சம்பா. தை பிறந்து பொங்கல் முடிந்திருந்தது, கதிர் தலைசாய்ந்து நின்றது. நான் தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "உங்க வயல்ல வெளியூர் ஆள் எறங்கியிருக்கு" என்றாள். எங்கள் பக்கத்தில் யார் அறுக்கிறார்களோ அவர்கள் கையில்தான் நிலம் என்பது பேசாத சட்டம். அறுவடையை விட்டுக்கொடுத்தவன் அடுத்த பட்டத்தில் வரப்பில் கால் வைக்க முடியாது. அம்மா கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன்.

அம்மா யாரையும் வெட்டப் போகவில்லை. அறுப்பவர்களுக்கு எதிரே போய்க் குனிந்து தன் பங்குக்கு அறுக்க ஆரம்பித்தாள், அவ்வளவுதான். வரப்பில் நின்ற மிராசுதாரின் ஏஜெண்டு இறங்கி வந்து கம்பால் ஒரு போடு போட்டான். நெற்றியோரம் பிளந்தது. தலையில் அடிபட்டால் ரத்தம் நிற்காது என்று பாடத்தில் படித்திருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மாவின் முகம், கழுத்து, ரவிக்கை, புடவை முன்பக்கம் முழுக்க ரத்தம்.

நான் என் தாவணியைச் சுருட்டி அழுத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடத்தி வந்தேன். "ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன். அம்மா சரி என்றாள். ஆனால் நேராகப் போகவில்லை. கட்டுப் போட்டு முடித்ததும் கொல்லைப்பக்கம் போய், கட்டு நனையாமல் கழுத்துக்குக் கீழே குளித்தாள். ரத்தப் புடவையைப் பச்சைத்தண்ணீரில் அலசி, சோப்பு போட்டுக் கும்மி, கொடியில் பிழிந்து போட்டாள். இருந்த இன்னொரு புடவையை, பொங்கலுக்கு எடுத்ததை, மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டாள். கட்டுக்கு மேலே தலையை வாரிப் படியவும் வைத்தாள்.

"என்னம்மா இது?" என்று கத்தினேன்.

"சர்க்கார் எடத்துக்குப் போறோம். ரத்தமும் சேறுமாப் போயி நின்னா நம்மள என்னன்னு நெனப்பாங்க? உள்ள வுடுவாங்களா?" என்றாள்.

சர்க்கார் இடத்துக்குக் குளித்து, வெளுத்ததைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்தது. அழுக்காகப் போனால் படியேற்ற மாட்டார்கள் என்று காலங்காலமாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. அம்மா அதைத்தான் செய்தாள். புடவையில் இருந்த ரத்தத்துக்குச் சட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

டவுன் ஸ்டேஷனில் ஏட்டு அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, வளைகாப்புக்குப் போறாப்புல வந்திருக்கே. அடிபட்ட கேஸ்ங்கிறே" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். ரத்தம் பட்ட துணி எங்கே என்று கேட்டார். துவைத்துவிட்டேன் என்றாள் அம்மா.

ஏட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே இருந்த இன்னொருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். "கேஸையே தொவைச்சுக் கொடியில காயப்போட்டுட்டு வந்திருக்கு பாருய்யா." இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவும் என்னவென்று தெரியாமல் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வா, சீட்டில்லாமல் கேஸ் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைக்கூடப் பிரிக்கவில்லை. "அடிதடியா? அது போலீஸ் கேஸ். ஸ்டேஷன்ல மெமோ வாங்கிட்டு வாங்க, இல்லேன்னா நான் தொடமாட்டேன்."

"அங்கதான் சார் இங்க அனுப்புனாங்க" என்றேன்.

"அப்ப ஒண்ணு பண்ணு. வரப்புல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. சாதாரணக் கேஸாப் போட்டு அஞ்சு நிமிஷத்துல தையல் போட்டு அனுப்பிடறேன்."

எனக்கு அம்மாவின் காயம்தான் கண்ணில் தெரிந்தது, சொல்லிவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. அம்மா டாக்டரைப் பார்த்து மெல்லத்தான் பேசினாள். "நான் வுழலீங்க. அடிச்சாங்க."

"விழுந்தேன்னு சொன்னா என்னம்மா இப்ப?" என்றார் டாக்டர்.

"வுழாம எப்படிங்க வுழுந்தேன்னு சொல்றது?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாங்கள் திரும்ப ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். மறுபடி ஆஸ்பத்திரி, டாக்டர் மாறியிருந்தார், அவரும் மெமோ கேட்டார். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே, பந்தை உதைக்கிற மாதிரி உதைத்தார்கள். பொழுது சாயும்போது தையல் போடாமலே வீட்டுக்கு வந்தோம். புண்ணை நான்தான் கழுவிக் கழுவி ஆற்றினேன். விரல் அகலத் தழும்போடு ஆறியது.

நாங்கள் இப்படிக் கேஸைத் தேடிக்கொண்டு அலைந்த நேரத்தில் நாலு மாவையும் அறுத்து, கட்டு கட்டி, தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரும்போது வயலில் அறுத்த நெல்தாள்தான் நின்றது. அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை, நான்தான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

பிறகு விவசாயச் சங்கத்து ஆட்கள் வந்தார்கள். எங்களுக்காகப் பேச வீட்டுக்கே வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான், அதை மறக்க மாட்டேன். ஆனால் அவர்களும் அம்மாவைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "தோழர், இது நல்ல கேஸ், விடக்கூடாது" என்பதுதான். அம்மா சாகுபடிக்காரி என்று பதிவு செய்யச் சொல்லி அவர்களே வக்கீல் வைத்து வழக்குப் போட்டார்கள். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேஸ் வீக்கா இருக்கே" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, போலீஸில் எழுதவில்லை, புடவை துவைத்தாயிற்று. அம்மா அறுத்துக்கொண்டிருந்தபோது அடிபட்டாள் என்பதற்கே ஒன்றும் இல்லை. ஆளும்கட்சிக்காரர் ஒருவரும் வந்தார். "கேஸெல்லாம் வேணாம்மா, ஐயா நம்ம ஆளாயிட்டாரு, பேசித் தீத்துக்குவோம், கீத்து வீடு போட ஒரு மனைக்கட்டு வாங்கித் தரேன்" என்றார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

மிராசுதார் போய் ஸ்டே வாங்கினார். வழக்கு முடியும்வரை இரண்டு தரப்பும் நிலத்தில் இறங்கக்கூடாது. அவருக்கு என்ன, அவருக்கு வேலிக்கணக்கில் நிலம் இருந்தது, ஒரு வேலி என்றால் இருபது மா. நாலு மா கிடந்தால் கிடக்கட்டும். நாலு பக்கமும் பச்சையாக நிற்க, எங்கள் வயலில் கோரை மண்டியது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும், எங்கள் மடை மட்டும் அடைத்துக் கிடக்கும். அம்மா அந்தப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவாள். மற்றவர்கள் வயலில் நட்டுத்தான் நாங்கள் சாப்பிட்டோம். ரேஷன் அட்டைக்கு எழுத வந்த ஆள் தொழில் என்று போட்ட இடத்தில் எங்களைக் கேட்காமலே 'கூலி' என்று எழுதிக்கொண்டு போனான்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது நான் வேலையில் சேர்ந்திருந்தேன். லீவு போட்டுவிட்டு அம்மாவோடு போனேன். அதே பொங்கல் புடவையைக் கட்டியிருந்தாள், நிறம் போயிருந்தது. மிராசுதாரின் வக்கீல் எழுந்தார்.

"உனக்கு ஏர் ஓட்டத் தெரியுமா?"

"பொம்பளை ஏர் புடிக்கிறதில்லீங்க."

"தெரியுமா தெரியாதா?"

"தெரியாதுங்க."

"அப்ப உழுதது யாரு? வேற ஆளு. நீ நட்டிருக்கே, களை பறிச்சிருக்கே. அதைத்தான் எல்லாக் கூலியாளும் செய்றாங்க. உழாதவ எப்படிச் சாகுபடிதாரர் ஆவா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "மிராசுதாரய்யாவும் ஏர் புடிச்சதில்லீங்களே" என்றாள்.

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி மேசையைத் தட்டி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்ததாகப் புடவைக்கு வந்தார். அடியும் இல்லை, ரத்தமும் இல்லை, அதனால்தான் துவைத்துவிட்டேன் என்று கதை கட்டுகிறாய், சரிதானே என்று கேட்டார்.

"ரத்தத்தோட வந்திருந்தா உள்ள வுட்டிருப்பீங்களாங்க?" என்று கேட்டாள் அம்மா.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. "ஆமா, இல்லைன்னு சொல்லும்மா" என்றார் நீதிபதி. அம்மா கேட்டது எந்தத் தாளிலும் ஏறவில்லை. சுவரில் எழுதியவர்களும் உழுதவனைத்தான் எழுதினார்கள், நட்டவளை எழுதவில்லை. மிராசுதாருக்கு வேண்டியது அந்த ஓட்டைதான். மழைக்காகப் பெண்ணை ஏரிலிருந்து தள்ளி வைத்தவர்களே, ஏர் பிடிக்காததைக் காட்டி நிலத்திலிருந்தும் தள்ளினார்கள். எத்தனை வருஷமானால் என்ன, இந்த அயோக்கியத்தனத்தை நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் வக்கீல் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். குமாஸ்தா உள்ளே எட்டிப் பார்த்து, "சார், அந்த நாலு மா கேஸ் வந்து உக்காந்திருக்கு" என்றார். நல்ல மனிதர்தான், எங்களுக்கு எத்தனையோ உதவி செய்தவர். அம்மா என்னைப் பார்த்தாள்.

"உக்காந்திருக்குன்னா யாரைச் சொல்றாரு? நம்மளையா?"

உள்ளே போனதும் அம்மா வக்கீலிடம் ஜெயிக்குமா தோற்குமா என்று கேட்கவில்லை. "எப்பங்க நடலாம்?" என்று கேட்டாள். கேஸ் முடியட்டும் என்றார் அவர். எப்போது முடியும் என்று கேட்டாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

அந்த ஆவணியில் அம்மா நட்டுவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வயலில் நடவு முடிந்ததும் மிஞ்சிய நாற்றுக் கட்டுகளை, முடி என்போம், வரப்பில் போட்டுவிடுவார்கள், கேட்டவர் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுப்பதில்லை. அம்மாவோடு நடவுக்குப் போகிற பெண்கள் நாலு இடத்தில் மிஞ்சிய முடிகளைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அம்மா முதல்நாளே போய் ஒரு மூலையில் கோரையை அறுத்து, மண்வெட்டியால் கொத்தி, மடையைத் திறந்து விட்டிருந்தாள். காலையில் இறங்கி, கொண்டுபோன முடி தீரும்வரை நட்டாள். ஒரு மா தேறாது, கால் மாவுக்கும் குறைவு. பக்கத்து வயல் பெண்கள் அவளுக்குக் கேட்கும்படி குலவை போட்டார்கள்.

அடித்தபோது வராத போலீஸ் அன்றைக்கு ஜீப்பில் வந்தது. அம்மா கை கழுவுவதற்குள் வந்துவிட்டது. எனக்கு ஆள் அனுப்பினார்கள். டூட்டியிலிருந்து யூனிஃபார்மோடு ஓடினேன். ஸ்டேஷனில் அம்மா முழங்கால்வரை சேறோடு நின்றுகொண்டிருந்தாள். இந்த முறை அவளைக் குளிக்க விடவில்லை. வேறு ஏட்டு, சின்ன வயசுக்காரர். மிராசுதாரின் புகாரை வைத்துக்கொண்டு மடமடவென்று எழுதிக்கொண்டிருந்தார். கோர்ட்டு உத்தரவை மீறியது, அத்துமீறி நுழைந்தது, நாற்று நட்டுச் சாகுபடி செய்தது.

"இப்ப மட்டும் கேஸ் எப்படிங்க எழுத வருது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "மண்டையை ஒடச்சப்ப எழுத வரல. சீட்டு கொண்டா, மெமோ கொண்டான்னு நாயா அலைய விட்டீங்க. நாலு முடி நாத்து நட்டதுக்கு ஜீப்பு வருது!"

"சிஸ்டர், அது எனக்கு முந்தி. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஸ்டேஷன் ஜாமீன்ல விட்டுடறேன், ஒரு ரேகை வச்சிட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார் அவர். தாளை அம்மா பக்கம் திருப்பி, மைப்பெட்டியைத் தள்ளினார்.

அம்மா கையை நீட்டவில்லை. "என்ன எழுதியிருக்குன்னு படி" என்றாள் என்னிடம்.

படித்தேன். பெயர், புருஷன் பெயர், வயது, ஊர். தொழில், கூலி.

"அதை அடிக்கச் சொல்லு."

ஏட்டுக்குப் புரியவில்லை. "எதைம்மா?"

"கூலின்னு போட்டிருக்கீங்களே, அதை. அதோட நான் ரேகை வைக்க மாட்டேன்."

"ஏம்மா, கேஸே உன்மேலதான். தொழில் எதுவா இருந்தா உனக்கென்ன? கூலின்னா பாவம்னு விட்டுடுவாங்க. மாத்துனா ஒனக்குத்தான் கஷ்டம்."

"கேஸு போடுங்க. நல்லாப் போடுங்க, நான் வேணாங்கல. நட்டேன்னு எழுதியிருக்கீங்க, அது நெசம். கூலிக்கு நட்டேன்னு எழுதாதீங்க. யாரு கொடுத்தா எனக்குக் கூலி? அவர்ட்டக் கேளுங்க, கொடுத்தாரான்னு."

"ரேகை வைக்கலேன்னா உள்ளதான் வைக்கணும்."

"வைங்க" என்று சொல்லிவிட்டு அம்மா சேற்றுக்காலோடு தரையில் உட்கார்ந்தாள்.

நான் அவளை எழுப்பவில்லை. பக்கத்தில் வெள்ளை யூனிஃபார்மோடு நானும் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஏட்டு பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே அந்த வார்த்தையைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, மேலே வேறொன்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"படி" என்றாள் அம்மா.

"விவசாயம்" என்று படித்தேன்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன். அம்மா புடவைத் தலைப்பில் கட்டைவிரலைத் துடைத்துவிட்டு மையில் வைத்தாள்.

நில வழக்கில் தோற்றோம். அம்மா நட்ட நாற்றை மறுநாளே பிடுங்கி எறிந்துவிட்டார்கள். அத்துமீறிய வழக்கில் மட்டும் அவளுக்குத் தண்டனை கிடைத்தது. ரேஷன் அட்டையிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நில வழக்கின் தீர்ப்பிலும், கடைசியில் அவள் இறந்தபோது எழுதிய இறப்புப் பதிவிலும் அவள் கூலிதான். அவளை விவசாயி என்று சொல்லும் ஒரே சர்க்கார் காகிதம், அவள் குற்றம் செய்தாள் என்று ஸ்டேஷனில் எழுதிய அந்தத் தாள்தான்.